பேர் மட்டும் நான் வைக்கிறேன், மத்ததை மெஷின் பாத்துக்கட்டும்

எங்க கடைக்கு வர்ற யாரும் தேதி சொல்லி பழைய வேலையைக் கேக்கறதில்ல. "தம்பி, எங்க பெரியவனுக்கு மொட்டை போட்டு காது குத்துனோம்ல, அப்ப அடிச்ச பத்திரிக்கை இருக்கா, அதே மாதிரி சின்னவளுக்கும் வேணும், பேரை மட்டும் மாத்திக்கலாம்"னு கேப்பாங்க. எந்த வருஷம்னு கேட்டா "அது கொரோனாவுக்கு முந்தி"ம்பாங்க. இன்னொருத்தர் "மஞ்ச கலர்ல பிள்ளையார் இருந்துச்சே, அந்த டிசைன்"ம்பார். ஒரு அம்மா பேரைக் கூட சொல்லாம "பாத்திரக்கடை வீட்லேர்ந்து வர்றேன்"னு மட்டும் சொல்லிட்டு நிப்பாங்க, அந்த ஒரே வரியை வச்சு நான் ஃபைலை எடுத்து ஸ்கிரீன்ல காட்டணும், அதுவும் பின்னாடி ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் நிக்கும்போது.

ராஜபாளையத்துல டிடிபி கடை. கல்யாணப் பத்திரிக்கை, சடங்கு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக்கு, ஃபிளெக்ஸ் டிசைன்னு வர்றதெல்லாம் செய்வோம். ப்ளாங்க் கார்டு சிவகாசிலேர்ந்து வரும், பெரிய ஆஃப்செட் வேலைன்னா ஃபைலை சிவகாசிக்கே அனுப்பிருவோம். இதை எதுக்கு சொல்றேன்னா, "ஃபைலை நாம அடுக்கணுமா, இல்ல சாஃப்ட்வேர் பாத்துக்குமா"ங்கறது நெறய பேருக்கு லீவு நாள்ல யோசிக்கிற விஷயம், எனக்கு அது பொழப்பு.

எங்கக்கா பொண்ணு இன்ஜினியரிங் படிக்கிறா. லீவுக்கு வந்து கடைல உக்காந்தா என் ஸ்கிரீனைப் பாத்துட்டு சிரிப்பா. "மாமா, இன்னும் ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போட்டுட்டு இருக்கீங்களா, யாரு மாமா இப்பல்லாம் இதைப் பண்றா?" அவ லேப்டாப்புல எல்லாமே டவுன்லோட்ஸ்லதான் கிடக்கு. அசைன்மென்ட், ஹால் டிக்கெட், ரசீது, மீம்ஸ், எல்லாம் ஒரே இடம். வேணும்னா சர்ச்ல நாலு எழுத்து அடிக்கிறா, வந்துருது. இவ ஒருத்தி மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க, அமெரிக்காவுல காலேஜ் வாத்தியாருங்க இதைப் பத்தியே பொலம்பி 2021ல த வெர்ஜ்ங்கற டெக் வெப்சைட்ல பெரிய கட்டுரை வந்துச்சு, "ஃபைலை எங்க சேவ் பண்ண?"ன்னு கேட்டா பசங்களுக்கு கேள்வியே புரியலையாம், எங்கன்னா என்ன, கம்ப்யூட்டர்லதான்னு முழிக்கிறாங்களாம். ஃபோன்ல வளந்த பிள்ளைங்க, ஃபோன்ல ஃபைலுக்கு இடம்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியாது, ஆப்பை திறந்தா இருக்கும், அவ்வளவுதான். அதுல அவங்களைக் குறை சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல. விண்டோஸே 2019ல டவுன்லோட்ஸ் ஃபோல்டரை "இன்னைக்கு, நேத்து, போன வாரம்"னு அதுவா தேதி வாரியா பிரிச்சுக் காட்ட ஆரம்பிச்சிருச்சு, அவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

ஆனா அவ வழி என் கடைல ஏன் ஓடாதுன்னு அவளுக்குப் புரிய வைக்க ஒரு முழு சாயங்காலம் ஆச்சு.

ஒரு பழைய ஃபைலைத் திறந்து காமிச்சேன். ஸ்கிரீன்ல "அம்மா"ன்னு இருக்கு. அதைக் காப்பி பண்ணி நோட்பேட்ல போடச் சொன்னேன். போட்டா இங்கிலீஷ்ல எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, எச். அவ்வளவுதான். அது பாமினி ஃபாண்ட்டு. "தமிழ்"னு அடிச்சிருந்தா உள்ள இருக்கறது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அதாவது ஃபைலுக்குள்ள தமிழே கிடையாது, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவம் வரைஞ்ச ஒரு ஃபாண்ட்டு உக்காந்திருக்கு. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கற யூனிகோட்ல தமிழுக்கு 1991லயே இடம் ஒதுக்கிட்டாங்கதான், ஆனா டிடிபி உலகத்துக்கு அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு, எங்க தொழில்ல இன்னைக்கும் முழுசா வரல. பாமினி ஒண்ணு, ஸ்ரீலிபி ஒண்ணு, வானவில் ஒண்ணு, கவர்மென்ட் 1999ல அறிவிச்ச டாம், டாப் தனி, ஒவ்வொண்ணுக்கும் எந்த எழுத்து எந்த இடத்துலங்கறது வேற வேற. பேஜ்மேக்கர்ங்கற பழைய டிடிபி சாஃப்ட்வேர்ல அடிச்ச மேட்டரை தமிழ்ல தேடுனா சர்ச்சுக்கு ஒண்ணும் சிக்காது, ஏன்னா அது பாக்கறது செமிகோலனைத்தான்.

"சரி மாமா, அப்ப பாமினி எழுத்துலயே தேடலாம்ல"ன்னா. கெட்டிக்காரி. ஆனா அதுலயும் ஒரு சிக்கல். பிரஸ்ஸுக்கு ஃபைல் அனுப்பும்போது அங்க நம்ம ஃபாண்ட்டு இருக்கோ இல்லையோன்னு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கண்ட்ரோல் க்யூ அழுத்தி கர்வ் பண்ணிருவோம். நாங்க டிசைன் பண்ற கோரல்ட்ரா சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கர்வ் பண்ணிட்டா எழுத்து எழுத்தா இருக்காது, வெறும் கோடும் வளைவுமா ஆயிரும். மணமகன் பேர், மணமகள் பேர், தாய்மாமன் பேர், மண்டபம், முகூர்த்த நேரம், எல்லாம் படம். அந்த ஃபைலுக்குள்ள சர்ச் பண்ண ஒரு எழுத்து கூட மிச்சமில்ல. அந்த பத்திரிக்கை யாரோடதுன்னு கம்ப்யூட்டருக்கு தெரியற ஒரே இடம் ஃபைல் பேர்தான். அந்தப் பேரை வைக்கறது நான்தான், வேற யாரும் வைக்க முடியாது, ஏன்னா பாத்திரக்கடை வீடுன்னா யாருன்னு எனக்குத்தான் தெரியும்.

இதுல எனக்கு வழி காட்டுனது சாஃப்ட்வேர் இல்ல, எனக்கு முன்னாடி இந்தக் கடையை நடத்துன அண்ணாச்சி. அவரு ஆரம்பிச்சப்ப விண்டோஸ் 3.1, ஃபைல் பேருக்கு எட்டே எழுத்து, புள்ளி, அப்புறம் மூணு எழுத்து, அதுவும் இங்கிலீஷ்ல மட்டும். எட்டு எழுத்துக்குள்ள யாரு, என்ன விசேஷம், எந்த ஊருன்னு எப்படி எழுதறது? அவரு எழுதவே இல்ல. ஃபைலுக்கு வெறும் நம்பர் மாதிரி ஒண்ணு போட்டுட்டு, லாங் சைஸ் நோட்டுல ஒரு வரி எழுதிருவாரு, தேதி, யாரு, என்ன வேலை, எந்த ஃப்ளாப்பி, ஃபைல் பேரு. தேடறதெல்லாம் நோட்டுலதான், கம்ப்யூட்டர்ல இல்ல. 1995ல விண்டோஸ் 95 வந்து நீளமா பேர் வைக்கலாம்னு ஆனப்பறமும் அவரு ரொம்ப நாள் நோட்டை விடல. நான் வேலைக்கு சேந்தப்பறம்தான் நோட்டுல எழுதற வரியை அப்படியே ஃபைல் பேரா வைக்க ஆரம்பிச்சோம். என் முறைன்னு சொன்னா அவ்வளவுதான், பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணுமில்ல.

பேருல முதல்ல வருஷம், மாசம், தேதி, அந்த வரிசைலதான், அப்பதான் அதுவா வரிசையா நிக்கும், தேதியை முன்னாடி போட்டா ஜனவரி ஒண்ணும் டிசம்பர் ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வந்து உயிரை வாங்கும். அப்புறம் தெரு இல்லன்னா ஊரு, அப்புறம் ஆளு எப்படி அறியப்படுறாரோ அது, அவரோட ரேஷன் கார்டு பேரு இல்ல. பத்திரிக்கைல "திரு" போட்டு இனிஷியலோட ஒரு பேரு இருக்கும், ஆனா ஊருல அவரை மில்லுக்காரர்னுதான் சொல்வாங்க, மறுபடி வரும்போது "மில்லுக்காரர் வீடு"ன்னுதான் ஆள் வரும். அதனால மில்லுக்காரர்னே வைப்பேன். கடைசில விசேஷம். ஒரே வீட்டுக்கு காதணி விழா, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு, அப்புறம் பெரியவர் தவறிட்டா பதினாறாம் நாள் காரியம்னு வரிசையா வேலை வரும், அதெல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருக்கும். சில வீட்டு ஃபோல்டரைத் திறந்தா அந்த குடும்பத்தோட கதையே ஓடும், யாரு பேருக்கு முன்னாடி "தெய்வத்திரு" எப்ப வந்துச்சுன்னு வரைக்கும்.

இதை எந்த சாஃப்ட்வேராவது தானா பண்ணுமான்னா பண்ணாது. அதுக்குத் தெரிஞ்ச பிரிவு என்ன? டாக்குமெண்ட், படம், வீடியோ, தேதி, சைஸ். இந்த டெஸ்க்டாப்பை க்ளீன் பண்ற சாஃப்ட்வேருங்க ஒண்ணை ஓட விட்டா, சிடிஆரை, அதாவது கோரல்ட்ரா ஃபைலை, ஒரு பக்கம், அதுக்குள்ள வச்ச போட்டோவை ஒரு பக்கம், வாட்ஸாப்ல வந்த மேட்டரை ஒரு பக்கம்னு அழகா பிரிச்சு வச்சிரும். பாக்க சுத்தமா இருக்கும். ஆனா ஒரு கல்யாண வேலைக்கு இந்த மூணும் ஒரே இடத்துல வேணும்.

வெர்ஷன் கதை தனி. பத்திரிக்கை ப்ரூஃப் ஒரு தடவைல ஓகே ஆனதா சரித்திரமே கிடையாது. முதல் ப்ரூஃப் போனதும் "எங்க சித்தப்பா பேரு ரெண்டாவது வரிக்குப் போயிருச்சு, அவரு கோவிச்சுக்குவாரு"ம்பாங்க. மாத்திக் குடுத்தா மாப்ள வீட்ல படிச்ச படிப்பைப் போடலைன்னு வருவாங்க. ஃபைனல், ஃபைனல் ஓகேன்னு பேர் வச்சா எது கடைசின்னு கடவுளுக்குத்தான் தெரியும், அதனால நான் யாரு சொல்லி மாத்துனமோ அவங்க பேர்லயே வச்சிருவேன். "சித்தப்பா கரெக்ஷன்", "மாப்ள வீடு கரெக்ஷன்", "அத்தை ஃபோன்ல சொன்னது". அடிச்சு முடிச்சப்பறம் தகராறு வந்தா யாரு சொன்னதுன்னு ஃபைல் பேரே பேசும், பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும். இதுக்கு நடுவுல கோரல்ட்ரா அது பங்குக்கு "பேக்கப் ஆஃப்"னு முன்னாடி போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி போட்டு வைக்கும். கரண்ட் போன நாள்ல தெய்வம், மத்த நாள்ல தேடும்போது எல்லாம் ரெண்டு ரெண்டா வந்து நிக்கும்.

இவ்வளவு சொல்றதால நான் மெஷினுக்கு எதிரின்னு நினைச்சுராதீங்க. ஃபோல்டரை ஒவ்வொண்ணா திறந்து தேடற ஆளு நான் இல்ல. எவ்ரிதிங்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், விண்டோஸ் வச்சிருக்கற யாரும் போட்டுக்கலாம். டிஸ்க்குல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு விண்டோஸ் தானே ஒரு பட்டியல் வச்சிருக்கும்ல, அதை நேரா படிச்சிரும், அதனால லட்சக்கணக்கான ஃபைல் இருந்தாலும் அடிக்க அடிக்க குறைஞ்சுட்டே வரும், காத்திருக்கறதுன்னே கிடையாது. விண்டோஸோட சொந்த சர்ச்ல பச்சைக் கோடு ஊர்ந்து போறதைப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும். "பாத்திர காதணி"ன்னு அடிச்சா பாத்திரக்கடை வீட்டு காதணி விழா வந்து நிக்கும். ஆனா பாருங்க, அது தேடறது ஃபைல் பேரைத்தான். பேர் நான் ஒழுங்கா வச்சிருந்தாத்தான் அதுக்கு வேலையே. வாட்ஸாப்ல வந்தபடியே ஐஎம்ஜி, ஒரு தேதி, டபிள்யூஏ, நாலு சைபர்னு கிடந்தா எவ்ரிதிங் என்ன பண்ணும்?

தமிழ்ல பேர் வைக்கறதுலயும் ஒரு தொல்லை இருக்கு, இது தெரியாம நெறய பேர் "ஃபைல் காணாமப் போச்சு"ங்கறாங்க. ஸ்ரீ எழுத்து. கம்ப்யூட்டர்ல இதை ரெண்டு விதமா அடிக்கலாம். நாம வழக்கமா எழுதற ஸ வச்சு அடிக்கறது ஒண்ணு, 2005ல யூனிகோட்ல புதுசா சேத்த ஶ-ன்னு இன்னொரு எழுத்து இருக்கு, அதை வச்சு அடிக்கறது இன்னொண்ணு. நெறய ஃபாண்ட்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கண்ணால வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது, ஆனா கம்ப்யூட்டருக்கு அது வேற இது வேற. ஒரு கீபோர்டுல அடிச்சு சேவ் பண்ண ஸ்ரீயை இன்னொரு கீபோர்டுல அடிச்சு தேடுனா வராது. கோயில் வேலைல பாதிப் பேரு ஸ்ரீயில்தான் ஆரம்பிக்கும், யோசிச்சுப் பாருங்க. கொ, கோ மாதிரி எழுத்துலயும் இதே வம்பு, கொம்பு தனியா கால் தனியா அடிச்சா ஒண்ணு, சேத்து அடிச்சா ஒண்ணு. இதுக்காகவே கடைல ஃபைல் பேர்ல ஸ்ரீ போடக்கூடாதுன்னு சட்டம். மாரியம்மன்னா மாரியம்மன், ஸ்ரீ மாரியம்மன் எல்லாம் பத்திரிக்கைக்கு உள்ள மட்டும்.

நீளமும் பாத்து வைக்கணும். விண்டோஸ்ல ஃபோல்டர் பேர் எல்லாம் சேத்து மொத்தம் 260 எழுத்து சுமாருக்குள்ள இருக்கணும்னு ஒரு பழைய வரம்பு இருக்கு, பல சாஃப்ட்வேருங்க இன்னும் அதைத் தாண்டுனா தடுமாறும். "கல்யாணம்" நமக்கு அஞ்சு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்குக்கு எட்டு, ஏன்னா புள்ளி, துணைக்கால் எல்லாத்தையும் அது தனித்தனியா எண்ணும். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியமே எழுதுனா ஒரு நாள் காப்பி பண்ணும்போது முடியாதுன்னு சொல்லும்.

சாஃப்ட்வேரை நம்பி முழுசா ஒப்படைச்சா என்ன ஆகும்னு பாட்டுல பாத்திருக்கேன். எம்பி3 காலத்துல வளந்தவங்களுக்கு இது புரியும். ஆப்பிளோட ஐட்யூன்ஸ் 2001ல வந்துச்சு, அதுல ஒரு டிக் உண்டு, மீடியா ஃபோல்டரை நானே ஒழுங்கா வச்சுக்கறேன்னு. போட்டா பாடினவர் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஆல்பம் பேர்ல ஒரு ஃபோல்டர்னு அதுவா நகத்தி வச்சிரும். இங்கிலீஷ் பாட்டுக்கு கச்சிதம், ஒரு குழு, ஒரு ஆல்பம். நம்ம சினிமாப் பாட்டை அதுல போட்டா என்ன ஆகும்? ஒரு படத்துல ஒரு பாட்டு எஸ்.பி.பி., ஒரு பாட்டு ஜானகி, ஒரு பாட்டு ரெண்டு பேரும், ஒண்ணு யேசுதாஸ். ஒரே படம் நாலு ஃபோல்டரா சிதறிரும். தொகுப்புன்னு ஒவ்வொரு படத்துக்கும் தனியா சொல்லி வச்சாத்தான் ஒண்ணா இருக்கும். நாம பாட்டை எப்படி ஞாபகம் வச்சிருக்கோம்? பல்லவி முதல் வரி, படம், மியூசிக் டைரக்டர், யாருக்காக படத்துல பாடுனது. இதுல எதுவும் அந்தக் கட்டத்துக்குள்ள ஒழுங்கா உக்காரல. பத்தாததுக்கு அப்ப கிடைச்ச எம்பி3ல பாடினவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல டவுன்லோட் பண்ண சைட்டோட பேர் இருக்கும், அந்த சைட்டு பேர்ல ஒரு பாடகர் இருக்கறதா நினைச்சு சாஃப்ட்வேர் பாதி லைப்ரரியை அவர்கிட்ட குடுத்திரும். 2019ல ஆப்பிளே மேக்ல ஐட்யூன்ஸை மூணா பிரிச்சு மூடிட்டாங்க. படம் பேர்ல ஃபோல்டர் போட்டு வச்சிருந்த எங்கண்ணனோட பழைய ஹார்ட் டிஸ்க்கு மட்டும் இன்னும் அப்படியே பாடிட்டு இருக்கு.

இ-புக் வச்சிருக்கறவங்க காலிபர் பயன்படுத்துவாங்க, கோவிட் கோயல்னு நம்ம நாட்டுக்காரர் எழுதுனது, நல்ல சாஃப்ட்வேர், நானும் வீட்ல வச்சிருக்கேன். அவங்க ரொம்ப நேர்மையா சொல்லிட்டாங்க, எங்க லைப்ரரி ஃபோல்டருக்குள்ள நீங்க கை வைக்காதீங்க, தேடறதுக்கு எங்க ஸ்கிரீன் இருக்குன்னு. சரி, ஒத்துக்கறேன். ஆனா வழக்கமான செட்டிங்ல அது ஆசிரியர் பேரைக் கடைசிச் சொல்லு முன்னாடி வர்ற மாதிரி திருப்பி அடுக்கும், வெள்ளைக்காரங்களுக்கு குடும்பப் பேர் கடைசில வரும்ல, அந்தக் கணக்கு. நமக்கு முன்னாடி இருக்கறது அப்பா பேரோ ஊரோ புனைபெயரோ, அதைத் திருப்பிப் போட்டா நம்மாளையே நமக்கு அடையாளம் தெரியாது.

போட்டோ விஷயத்துல மட்டும் எனக்கு ரெண்டு மனசு. பிகாசா ஞாபகம் இருக்கா? கூகுள் 2004ல வாங்கி 2016ல நிறுத்திட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிச்ச சாஃப்ட்வேர் அதுதான், காரணம் ரொம்ப எளிமை, அது போட்டோவை நகத்தாது. நம்ம ஃபோல்டர் எப்படி இருக்கோ அப்படியே காட்டும், அது எழுதிக்க வேண்டியதை அந்தந்த ஃபோல்டர்ல ஒரு சின்ன குறிப்பு ஃபைல்ல எழுதிக்கும். அதனால அது போனப்ப ஒண்ணும் போகல, ஃபோல்டர் அப்படியே இருந்துச்சு. கூகுள் போட்டோஸ் வேற ஜாதி. "சேலை", "கடல்", "நாய்"னு தேடுனா கொண்டுவந்து நிறுத்தும், மூஞ்சியை வச்சு ஆளைப் பிரிக்கும், சின்ன வயசு மூஞ்சியையும் இப்போதைய மூஞ்சியையும் பல சமயம் சேத்துரும், அதை எந்த மனுஷனும் கையால பண்ண முடியாது. ஆனா வெளிய எடுக்கணும்னா டேக்அவுட்ங்கற கூகுள் வசதில ஜிப் ஜிப்பா வரும், வருஷ வாரியா ஃபோல்டர், ஒவ்வொரு போட்டோ பக்கத்துலயும் விவரம் தனியா ஒரு ஜேசன் ஃபைல். அதை மறுபடி ஒட்ட வைக்க இன்னொரு சாஃப்ட்வேர் தேடணும். 2021 ஜூன்லேர்ந்து இலவச அளவும் மத்த எல்லாத்தோட சேத்து 15 ஜிபின்னு ஆனப்பறம்தான் நெறய பேருக்கு வெளிய எடுக்கற ஞாபகமே வந்துச்சு.

கடைக்கு வர்ற போட்டோவுக்கு இதெல்லாம் உதவாது. அஞ்சலி போஸ்டருக்கு போட்டோ வேணும்னா வாட்ஸாப்ல அனுப்புவாங்க. வாட்ஸாப் அதைச் சுருக்கிரும், எப்ப எடுத்ததுங்கற தகவலையும் உள்ளேர்ந்து உருவிரும், ஃபைல் பேர்ல இருக்கற தேதி அனுப்புன தேதிதான். தாத்தா அறுபதாம் கல்யாணத்துல எடுத்த போட்டோ, அவர் இறந்த அன்னிக்கு தேதியோட வந்து நிக்கும். எந்த சாஃப்ட்வேர் தேதி வாரியா அடுக்குனாலும் தப்பாத்தான் அடுக்கும். அதனால "டாக்குமெண்ட்டா அனுப்புங்கண்ணே"ன்னு வாய் வலிக்க சொல்றதும், வந்த உடனே பேர் மாத்தறதும் எங்க கடைல முதல் வேலை, டிசைன் அப்புறம்தான்.

பொண்ணு விடல. "மாமா, ஐபிஎம்ல ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, 345 பேரோட மெயிலை வச்சு 2011ல, ஃபோல்டர் போட்டு பிரிச்சு வச்சவங்க யாரும் சும்மா சர்ச் பண்ணவங்களை விட நல்லா கண்டுபிடிக்கல"ன்னு ஃபோன்ல எடுத்துக் காமிச்சா. நான் ஒத்துக்கிட்டேன். மெயிலுக்கு அது சரி. மெயில்ல யாரு அனுப்புனா, என்ன விஷயம், என்னிக்குன்னு அனுப்பறவனே எழுதிதான் அனுப்பறான், உள்ள எழுத்தும் எழுத்தா இருக்கு. நானும் மெயில்ல ஒரு ஃபோல்டர் கூட போட்டதில்ல. ஜிமெயில் 2004ல வந்தப்பவே ஃபோல்டரே வேணாம்னு லேபிள்தான் குடுத்தாங்க, அதையும் நான் போடல. ஆனா ஃபைலுன்னு வந்தா கதை வேற. இஸ்ரேல்ல ஓஃபர் பெர்க்மன்னு ஒருத்தர் இதையே வருஷக் கணக்கா ஆராய்ச்சி பண்ணவர், சர்ச் எவ்வளவு நல்லா ஆனாலும் ஜனங்க அவங்க சொந்த ஃபைலுக்கு ஃபோல்டர் வழியாவே போறாங்கன்னுதான் சொல்றாரு. கடைல அதை தினம் பாக்கறேன். எவ்ரிதிங்ல சட்டுன்னு பேர் வரலைன்னா கை தானா ஃபோல்டருக்குள்ள போயி அதை எடுத்திருக்கும், எந்தப் பேர்ல வச்சேன்னு அப்புறம்தான் ஞாபகம் வரும்.

கிளவுடுல போட்டுட்டா தொல்லையே இல்லன்னு சொல்றவங்களுக்கு பக்கத்து தெரு கடைக்காரர் கதை ஒண்ணு போதும். புது கம்ப்யூட்டர் வாங்குனாரு, டெஸ்க்டாப்புல இருக்கறதெல்லாம் தானா மேல ஏறிடுச்சு, டிஸ்க்குல இடம் மிச்சம் பண்றேன்னு பழைய ஃபைலை எல்லாம் ஆன்லைன்ல மட்டும் வச்சிருச்சு. ஃபைல் பேர் ஸ்கிரீன்ல இருக்கு, பக்கத்துல ஒரு மேகப் படம். வைகாசி முகூர்த்த நேரம், ரோடு தோண்டுனதுல ஃபைபர் கட்டு, நெட்டு இல்ல. ஃபைலை க்ளிக் பண்ணா திறக்கல. பேர் தெரியுது, சரக்கு இல்ல. ஃபோன் ஹாட்ஸ்பாட்ல ஒவ்வொண்ணா இறக்கி அன்னிக்கு வண்டியை ஓட்டுனாரு. கிளவுடு வேணாம்னு சொல்லல, எனக்கும் ஒரு காப்பி மேல இருக்கு. ஒரிஜினல் கைல இருக்கணும், அவ்வளவுதான்.

சும்மா பேசிட்டு போகாம பொண்ணு ஒரு காரியமும் பண்ணா, அதைச் சொல்லணும். கோரல்ட்ரா எக்ஸ்4லேர்ந்து, அதாவது 2008லேர்ந்து, சிடிஆர் ஃபைல்ங்கறது உண்மைல ஒரு ஜிப்புதானாம், எனக்கே தெரியாது இத்தனை வருஷமா. அதுக்குள்ள ஒரு சின்ன முன்னோட்டப் படம் இருக்கு. கோரலைத் திறக்காமயே அந்தப் படத்தை மட்டும் உருவி, ஃபோல்டர் ஃபோல்டரா ஒரு பக்கத்துல வரிசையா காட்டற மாதிரி பைத்தான்ல ஒண்ணு எழுதிக் குடுத்தா. "மஞ்ச கலர்ல பிள்ளையார்" கேக்கற ஆளுக்கு இது வரப்பிரசாதம். ஒரே குறை, பிரஸ்ல பழைய வெர்ஷன் வச்சிருக்காங்கன்னு நாங்க பாதி ஃபைலை 11, 12ன்னு இறக்கி சேவ் பண்ணிருக்கோம், அது ஜிப்பு கிடையாது, அதனால அவ எழுதுனது அதுல ஓடாது. அதுக்கு கஸ்டமருக்கு அனுப்புன ப்ரூஃப் ஜேபெக் இருக்கு, அதே பேர்ல அதே ஃபோல்டர்ல. அதையெல்லாம் கூகுள் டிரைவ்ல ஏத்தி எழுத்தைப் படிக்க வச்சா தமிழை நல்லாவே படிக்குது, கர்வ் பண்ணி நாங்க கொன்ன எழுத்து அங்க உயிரோட வருது. அலங்கார ஃபாண்ட்ல மட்டும் உளறுது. இதுல மெஷின் ஜெயிச்சுருச்சு, சந்தோஷமா ஒத்துக்கறேன்.

இப்ப ரெண்டு பேரும் சேந்து அண்ணாச்சி காலத்து சிடி டப்பாவுல கை வச்சிருக்கோம். பேஜ்மேக்கர் 5, 6.5ல பண்ண வேலைங்க, பேஜ்மேக்கர் 7தான் கடைசி, 2001ல வந்தது, அதுக்கப்பறம் அடோபி இன்டிசைனுக்குப் போயிட்டாங்க. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் 6, 7 ஃபைலைத் திறக்கும், அதுக்கு மேல வந்ததுல அந்தக் கதவையும் சாத்திட்டாங்க, அதனால எக்ஸ்பி போட்ட ஒரு பழைய மெஷினை இதுக்குன்னே வச்சிருக்கேன். ஃபைல் பேரெல்லாம் எட்டு எழுத்து நம்பருங்க. விவரம் இருக்கறது அந்த லாங் சைஸ் நோட்டுல. நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து எக்செல்ல ஏத்திட்டா, அதை வச்சு எல்லா ஃபைலுக்கும் ஒரே அடில பேர் மாத்திரலாம்னு பொண்ணு சொல்றா, ஸ்கிரிப்ட்டும் ரெடி. ஆனா அண்ணாச்சி கையெழுத்தை எந்த மெஷினும் படிக்கல, நாந்தான் டைப் அடிக்கிறேன். பாதி வரில "மச்சினன் சொன்ன ஆளு, அஞ்சலி"ன்னு எழுதி வச்சிருக்காரு. யாருன்னு கேட்டு ஃபோன் போட்டா "எந்த மச்சினன்"னு என்கிட்டயே திருப்பிக் கேக்குறாரு.